பழைய சி.என்.சி மில்லிங் மெஷின்: அப்கிரேடு செய்வதா, புதுசு வாங்குவதா? சிறு தொழிற்கூடங்கள் முடிவெடுப்பது எப்படி?

காலையில் மெயின் சுவிட்சைப் போட்டால் திரையில் எழுத்து வர சில நிமிஷம் ஆகிறது. வந்த பிறகும் ஒரு அலாரம். ரீசெட் அடித்தால் போய்விடும், மதியம் திரும்ப வரும். புதுச்சேரி தட்டாஞ்சாவடியோ, மேட்டுப்பாளையமோ, சேதராப்பட்டோ, பழைய சி.என்.சி மில்லிங் மெஷினை வைத்து ஜாப் ஒர்க் செய்யும் பலருக்கும் பழகிப்போன காலை இது.

சர்வீஸ் என்ஜினியரைக் கூப்பிட்டால், "போர்டு போயிடுச்சு, இந்த மாடல் இப்போ சீக்கிரம் கிடைக்காது" என்பார். மெஷின் விற்பவர், "ஸ்கிராப்புக்குப் போட்டுட்டு புதுசு எடுங்க" என்பார். ரெட்ரோஃபிட் செய்து கொடுப்பவரோ, "இரும்பு நல்லா இருக்கு, கன்ட்ரோலை மட்டும் மாத்திடலாம்" என்பார். மூன்று பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் பணம் போடப்போவது ஓனர். தப்பாக முடிவெடுத்தால் ஐந்து வருஷம் இ.எம்.ஐ கட்டப்போவதும் அவர்தான். சின்ன ஷாப்களில் அந்தக் கடனுக்கு வீட்டுப் பத்திரமே அடமானமாக இருப்பதும் உண்டு.

அப்படியென்றால் எப்படி முடிவெடுப்பது? எதை அளப்பது, எதைக் கணக்குப் போடுவது, யாரிடம் என்ன கேட்பது? விரிவாகப் பார்க்கலாம்.

அப்கிரேடு என்றால் என்னென்ன?

'அப்கிரேடு' என்ற ஒரே வார்த்தைக்குள் நான்கு வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் செலவு பல மடங்கு வித்தியாசப்படும்.

1. சின்ன வேலை: மெமரி பேட்டரி மாற்றுவது, பாராமீட்டர் பேக்கப் எடுப்பது, பேனல் ஃபேன் மாற்றுவது, பழைய பிக்சர் டியூப் திரைக்குப் பதில் எல்.சி.டி போடுவது, பென் டிரைவிலிருந்து புரோகிராம் அனுப்பும் சின்னப் பெட்டி ஒன்றை இணைப்பது. செலவு ஆயிரங்களில் முடியும்.

2. கன்ட்ரோல் ரெட்ரோஃபிட்: பழைய சி.என்.சி கன்ட்ரோல், சர்வோ டிரைவ், மோட்டார், வயரிங் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு புதுசு போடுவது. இரும்பு பழசு, மூளையும் நரம்பும் புதுசு.

3. முழு ரீகண்டிஷன்: கன்ட்ரோலோடு சேர்த்து பால் ஸ்க்ரூ, பேரிங், ஸ்பிண்டில், ஸ்லைடு எல்லாவற்றையும் சரிசெய்வது.

4. புது மெஷின் வாங்குவது அல்லது வேறொருவர் ஓட்டிய செகண்ட் ஹேண்ட் மெஷின் எடுப்பது.

பலர் நேராக இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில்தான் குழம்புகிறார்கள். முதலாவது வேலையோடு முடிந்துவிடக்கூடிய பிரச்னைகளும் நிறைய இருக்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது.

மெஷினுக்கு வயசாவது எப்படி?

எண்களைக் கொண்டு மில்லிங் மெஷினை ஓட்டும் முறையை அமெரிக்காவின் எம்.ஐ.டி 1952-ல் செய்து காட்டியது. ஹெலிகாப்டர் இறக்கைப் பாகங்கள் செய்துகொண்டிருந்த ஜான் பார்சன்ஸின் யோசனை அது. சின்சினாட்டி நிறுவனத்தின் சாதாரண மில்லிங் மெஷின் ஒன்றை எடுத்து, அதில் கன்ட்ரோலைப் பொருத்தித்தான் அந்தச் சோதனை நடந்தது. அதாவது உலகின் முதல் எண் கட்டுப்பாட்டு மில்லிங் மெஷினே ஒரு வகையில் 'ரெட்ரோஃபிட்'தான்.

இன்றைக்கும் ஒரு சி.என்.சி மெஷினை மூன்று பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கலாம். மூன்றுக்கும் ஒரே வேகத்தில் வயசாவதில்லை.

இரும்பு: பெட், காலம், டேபிள் எல்லாம் வார்ப்பிரும்பு. கீழே போடாமல், மோதாமல், லெவல் கெடாமல் வைத்திருந்தால் பல பத்தாண்டுகள் தாங்கும்.

அசையும் பாகங்கள்: பால் ஸ்க்ரூ, ஸ்லைடு, ஸ்பிண்டில் பேரிங், டூல் சேஞ்சர். ஓடிய மணி நேரத்தையும் ஆயில் போட்ட ஒழுங்கையும் பொறுத்துத் தேயும். தேய்ந்தால் மாற்றலாம், ஆனால் காசு.

எலெக்ட்ரானிக்ஸ்: கன்ட்ரோல், டிரைவ், பவர் சப்ளை. மெஷின் ஓடாவிட்டாலும் இதற்கு வயசாகும். கெப்பாசிட்டர் காயும், கேபிள் விரைக்கும், கடைசியில் அந்த போர்டு தயாரிப்பே நின்றுவிடும்.

ஆகவே 'மெஷின் எத்தனை வருஷம் பழசு?' என்ற கேள்வியைவிட 'இந்த மூன்றில் எது பழசாகியிருக்கு?' என்ற கேள்விதான் உதவும்.

முதலில் இரும்பை அளந்து பாருங்க

கன்ட்ரோல் மாற்றினால் ஜாப் சரியாக வரும் என்று நம்பி செலவு செய்துவிட்டு, அதன் பிறகு பால் ஸ்க்ரூ தேய்ந்திருப்பதைக் கண்டுபிடிப்பதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் மிகப் பெரிய நஷ்டம். புது மூளையால் தேய்ந்த இரும்பைச் சரிசெய்ய முடியாது. அதனால் கொட்டேஷன் வாங்குவதற்கு முன்பே சில சோதனைகளைச் செய்துவிட வேண்டும். டயல் கேஜ், மேக்னெட்டிக் ஸ்டாண்டு, டெஸ்ட் மேண்ட்ரல், பிரசிஷன் லெவல் இருந்தால் ஷாப்பிலேயே ஒரு நாளில் முடிக்கலாம்.

பேக்லாஷ்: டேபிளில் டயல் கேஜை வைத்து, ஒரு பக்கம் 0.1 மில்லிமீட்டர் நகர்த்தி, திரும்ப அதே அளவு பின்னால் கொண்டுவந்தால் முள் பழைய இடத்துக்கு வர வேண்டும். வராமல் விடும் அளவுதான் பேக்லாஷ். இதில் இரண்டு ஏமாற்றங்கள் உண்டு.

ஒன்று, யாரோ ஒரு சர்வீஸ் என்ஜினியர் எப்போதோ கன்ட்ரோலில் பேக்லாஷ் காம்பன்சேஷன் போட்டிருப்பார். முள் சரியாகத் திரும்பும், ஆனால் ஸ்க்ரூ தேய்ந்திருக்கும். அதனால் முதலில் பாராமீட்டரில் என்ன எண் இருக்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்ணையும் டயல் கேஜ் காட்டுவதையும் சேர்த்தால்தான் உண்மையான தேய்மானம் தெரியும்.

இரண்டு, வைஸ் பெரும்பாலும் டேபிளின் நடுவிலேயே இருக்கும். வருஷக்கணக்கில் அங்கேயே ஓடியதால் ஸ்க்ரூவின் நடுப்பகுதி மட்டும் அதிகம் தேய்ந்திருக்கும். ஆகவே நடுவிலும் இரண்டு ஓரங்களிலும் தனித்தனியாக அளக்க வேண்டும். பழைய கன்ட்ரோல்களில் பொதுவாக ஒரு ஆக்ஸிஸுக்கு ஒரே ஒரு காம்பன்சேஷன் எண்தான் போட முடியும். நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று என்று வந்தால் எந்த எண்ணைப் போட்டாலும் இன்னொரு இடத்தில் தப்பு வரும். அப்படி வந்தால் ஸ்க்ரூவை மாற்றியே ஆக வேண்டும்.

ஸ்பிண்டில்: டெஸ்ட் மேண்ட்ரலை மாட்டி, ஸ்பிண்டில் முகத்துக்கு அருகிலும் அங்கிருந்து 300 மில்லிமீட்டர் தள்ளியும் கையால் சுற்றிப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள மெஷினில் முகத்தருகே சில மைக்ரான்களுக்குள் இருக்கும். தள்ளிப் போகும்போது கொஞ்சம் கூடும். அது எவ்வளவு வரை போகலாம் என்பது மெஷினோடு வந்த டெஸ்ட் சார்ட்டில் இருக்கும். அந்தக் காகிதம் இருந்தால் தேடி எடுங்கள். அது மெஷினின் ஜாதகம் மாதிரி.

வட்டம்: ஒரு அலுமினியத் துண்டில் 100 மில்லிமீட்டர் வட்டம் வெட்டி அளந்து பாருங்கள். வட்டத்தின் நான்கு திசைப் புள்ளிகளிலும் சின்னப் படி மாதிரித் தெரிந்தால் அது பேக்லாஷின் அடையாளம். ஃபீடைக் கூட்டினால் வட்டம் சுருங்குகிறது, குறைத்தால் சரியாகிறது என்றால் கோளாறு சர்வோ பக்கம், அதாவது கன்ட்ரோல் மாற்றினால் சரியாகக்கூடியது. இதையே கருவி வைத்து நுணுக்கமாகப் பார்ப்பது 'பால்பார்' சோதனை. சர்வீஸ் கம்பெனிகள் வந்து செய்து கொடுப்பார்கள். இரண்டு வகைத் தப்புகளையும் அந்த ரிப்போர்ட் தனித்தனியாகக் காட்டும்.

லெவலும் ஸ்கொயரும்: ஃபவுண்டேஷன் இறங்கியிருந்தால் நல்ல மெஷினும் கெட்ட ஜாப் கொடுக்கும். லெவலைச் சரிசெய்த பிறகு மறுபடி அளக்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

ஸ்லைடு: பாக்ஸ் வே ஸ்லைடு என்றால் தேய்மானத்தை ஸ்கிரேப்பிங் செய்து சரிசெய்யலாம், அதற்குக் கை தேர்ந்த ஃபிட்டர் வேண்டும். எல்.எம் கைடு என்றால் ரெயிலையும் பிளாக்கையும் மொத்தமாக மாற்றலாம்.

மெஷின் டூல்களைச் சோதிப்பதற்கென்றே இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ் 2063 என்ற விதிமுறை இருக்கிறது. சர்வதேச அளவில் ஐ.எஸ்.ஓ 230 வரிசை. ரெட்ரோஃபிட் செய்பவர், மெஷின் விற்பவர் யாராக இருந்தாலும் "எந்த விதிமுறைப்படி அளந்து கொடுப்பீங்க?" என்று கேட்பதற்கு இந்தப் பெயர்கள் உதவும்.

மூளை எங்கே திணறுகிறது?

பழைய கன்ட்ரோல்களில் மெமரியை 'மீட்டர்' கணக்கில் சொல்வார்கள். காகித டேப்பில் ஓட்டை போட்டுப் புரோகிராம் வைத்திருந்த காலத்துப் பழக்கம் அது. ஓர் அங்குல டேப்பில் 10 எழுத்து. 320 மீட்டர் மெமரி என்றால் ஏறக்குறைய 1,26,000 எழுத்துகள். ஓட்டை போடும், டேப் அடிக்கும், பாக்கெட் எடுக்கும் சாதாரண ஜாப்புக்கு இதுவே தாராளம்.

ஆனால் மோல்டு, டை வேலை வந்தால் கதை மாறும். கம்ப்யூட்டரில் கேம் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுக்கும் புரோகிராம் சில மெகாபைட் இருக்கும். மெமரியில் அடங்காது. ஆகவே ஆர்.எஸ்.232 கேபிள் வழியாகக் கம்ப்யூட்டரிலிருந்து சொட்டுச் சொட்டாக அனுப்பிக்கொண்டே ஓட்டுவார்கள்.

இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு. கேபிள் வேகம் 9,600 பாட் என்றால் வினாடிக்குச் சுமார் 960 எழுத்துதான் போகும். ஒரு வரிக்கு 20 எழுத்து என்றால் வினாடிக்கு 48 வரி. ஒவ்வொரு வரியும் டூலை 0.1 மில்லிமீட்டர்தான் நகர்த்தும் என்றால் வினாடிக்கு 4.8 மில்லிமீட்டர், அதாவது நிமிஷத்துக்கு 288 மில்லிமீட்டர். புரோகிராமில் ஃபீடு 2,000 என்று போட்டிருந்தாலும் மெஷின் 288-க்கு மேல் போகாது. அடுத்த வரிக்காகக் காத்திருந்து காத்திருந்து நகரும். ஜாப்பின் மேல் புள்ளி புள்ளியாக அடையாளம் விழும்.

இந்த நிலையில் இருக்கும் ஷாப்புக்குப் புது கன்ட்ரோல் உண்மையிலேயே நேரத்தை மிச்சப்படுத்தும். புது கன்ட்ரோல்களில் மெமரி கார்டு, யு.எஸ்.பி, நெட்வொர்க் வசதி இருக்கும். வரப்போகும் வரிகளை முன்கூட்டியே படித்து வளைவுகளில் வேகத்தைச் சரிசெய்யும் வசதியும் இருக்கும்.

அதே சமயம், ஷாப்பில் ஓடுவது பிராக்கெட், ஃபிளேஞ்ச், ஃபிக்சர் பிளேட் மாதிரியான வேலை மட்டும்தான் என்றால் புது கன்ட்ரோலால் சைக்கிள் டைம் பெரிதாகக் குறையாது. அங்கே நேரம் போவது டூல் மாற்றவும், ஜாப்பைக் கட்டி அவிழ்க்கவும்தான். நல்ல ஃபிக்சர் ஒன்று செய்தாலே கூடுதல் பீஸ் கிடைக்கும்.

ஸ்பேர் கிடைக்குமா?

கன்ட்ரோலை மாற்றப் பலரும் சொல்லும் முதல் காரணம் இதுதான். வாடிக்கையாளர் பயன்படுத்தும் வரை தன் கருவிகளுக்குச் சர்வீஸ் கொடுப்போம் என்பது ஜப்பானின் ஃபனுக் நிறுவனம் அறிவித்திருக்கும் கொள்கை. அதன் இந்தியத் தலைமையகம் பெங்களூரில் இருக்கிறது. எல்லா நிறுவனங்களும் இப்படி இல்லை. தயாரிப்பை நிறுத்திய பிறகு குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு மட்டும் ஸ்பேர் தரும் நிறுவனங்கள்தான் அதிகம்.

ஆகவே "கிடைக்காது" என்று யாராவது சொன்னால் அத்தோடு விட்டுவிடாமல், கன்ட்ரோலின் மாடல் நம்பர், டிரைவ் நம்பர், போர்டு நம்பர் மூன்றையும் எழுதி, தயாரித்த நிறுவனத்துக்கே மெயில் அனுப்பிக் கேளுங்கள். விலை என்ன, எத்தனை நாளில் வரும், ரிப்பேர் செய்து தருவார்களா, பழையதை மாற்றிக்கொள்வார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பதிலே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

புதுச்சேரிக்கென்று தனிப் பிரச்னை இருக்கா?

இருக்கிறது. கடல் காற்று.

புதுச்சேரியின் தொழிற்பேட்டைகளில் பல கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கின்றன. உப்புக் காற்றும் ஈரமும் போர்டில் உள்ள காப்பர் தடங்களையும் கனெக்டர் பின்களையும் அரிக்கும். இதில் பல ஷாப்களில் நடக்கும் தப்பு ஒன்று உண்டு. பேனல் சூடாகிறது என்று கதவைத் திறந்து வைத்து, எதிரே ஒரு டேபிள் ஃபேனை ஓட விடுவது. சூடு குறையும், ஆனால் உப்பும் கூலன்ட் புகையும் இரும்புத் தூசியும் நேராக போர்டின் மேல் போய் உட்காரும். பேனல் ஏ.சி ரிப்பேர் செய்யும் செலவை மிச்சப்படுத்தப் போய் டிரைவை இழப்பது இப்படித்தான்.

அடுத்தது மழை. 2011 டிசம்பரில் 'தானே' புயல், 2024 நவம்பர் 30-ல் 'ஃபெஞ்சல்' புயல். ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தண்ணீர் நிற்கும் இடத்தில் மெஷின் இருந்தால், கன்ட்ரோல் மாற்றும்போதே டிரான்ஸ்ஃபார்மரையும் பேனலின் கீழ்ப்பகுதியையும் உயரத்துக்குக் கொண்டுபோகச் சொல்ல வேண்டும். இன்ஷூரன்ஸில் வெள்ளச் சேதம் அடங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கரண்ட். ஜப்பான் டிரைவ்கள் பலவும் 200 வோல்ட்டில் ஓடுபவை. நம்ம ஊர் மூன்று ஃபேஸ் 415 வோல்ட். இடையில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். எர்த்திங் சரியில்லாமலும் வோல்டேஜ் ஏறி இறங்கியும் போர்டு போகிறது என்றால், புது போர்டும் அதே வழியில்தான் போகும். பழைய போர்டு ஏன் போனது என்று கண்டுபிடிக்காமல் புதுசு போடாதீர்கள்.

சரி, கணக்கு எப்படிப் போடுவது?

கீழே இருப்பது ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. மெஷின் சைஸ், கன்ட்ரோல், ஆக்ஸிஸ் எண்ணிக்கையைப் பொறுத்து விலை மாறும். உங்கள் ஷாப் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

கன்ட்ரோல் ரெட்ரோஃபிட் 8 லட்சம் ரூபாய், புது மெஷின் 30 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 10%. ரெட்ரோஃபிட்டுக்கு 3 வருஷக் கடன், புது மெஷினுக்கு 5 வருஷக் கடன்.

* ரெட்ரோஃபிட் இ.எம்.ஐ: மாதம் சுமார் 25,800 ரூபாய்
* புது மெஷின் இ.எம்.ஐ: மாதம் சுமார் 63,700 ரூபாய்

ஜாப் ஒர்க்கில் மணிக்கு 400 ரூபாய் கிடைக்கிறது, அதில் ஆள் கூலி, கரண்ட், டூல், கூலன்ட் போக 200 ரூபாய் கையில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், புது மெஷினின் இ.எம்.ஐ-க்கு மட்டும் மாதம் 319 மணி நேரம் ஓட வேண்டும். ஒரு ஷிஃப்ட், 25 நாள் என்றால் இருப்பதே 200 மணி நேரம்தான். ஆக, இரண்டு ஷிஃப்ட்டுக்கு ஆர்டர் கையில் இல்லாமல் புது மெஷின் எடுத்தால் பழைய மெஷின் சம்பாதிப்பதையும் எடுத்து இ.எம்.ஐ கட்ட வேண்டியிருக்கும்.

ரெட்ரோஃபிட்டுக்கு 129 மணி நேரம். ஆனால் இங்கே ஒரு விஷயம் கவனிக்கணும். பழைய மெஷின் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதானே இருக்கு? அந்த நேரத்தை லாபமாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ரெட்ரோஃபிட்டால் புதிதாகக் கிடைக்கும் நேரத்தை மட்டும்தான் எண்ண வேண்டும்.

மாதத்தில் பிரேக்டவுனால் 40 மணி நேரம் போகிறது, நீளமான புரோகிராம் மெதுவாக ஓடுவதால் 30 மணி, ரீஒர்க்கால் 20 மணி என்றால் மொத்தம் 90 மணி நேரம். இதை மீட்டால் கிடைப்பது 18,000 ரூபாய். இ.எம்.ஐ-க்குப் பத்தாது. மெஷின் நின்றாலும் ஆபரேட்டருக்குச் சம்பளம் உண்டு என்பதால் உண்மை நஷ்டம் இதைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். இதோடு, 'நம்ம மெஷின்ல வராது' என்று திருப்பி அனுப்பிய ஆர்டர் மாதம் 50 மணி நேரத்துக்கு இருந்தால் மொத்தம் 140 மணி நேரம், 28,000 ரூபாய். இப்போது கணக்கு நிற்கிறது.

ஆகவே முடிவெடுப்பதற்கு முன்னால் குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். அதில் மூன்று விஷயம் மட்டும் எழுதினால் போதும்: மெஷின் நின்ற நேரமும் காரணமும், ரிஜெக்ட் ஆன பீஸும் காரணமும், வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய ஆர்டர். மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் எழுதி வைப்பதில்லை. எந்த மெஷின் வேண்டும், அல்லது எதுவுமே வேண்டாமா என்பதை அதுதான் சொல்லும்.

வரிக் கணக்கையும் சேர்க்கணும். மெஷினுக்கு 18% ஜி.எஸ்.டி. 30 லட்சம் மெஷினுக்கு 5.4 லட்சம் ரூபாய். இன்புட் கிரெடிட்டாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றாலும் முதலில் கையிலிருந்து போகும். வருமான வரியில் பொதுவாக மெஷினுக்கு ஆண்டுக்கு 15% தேய்மானம் கழிக்கலாம். ரெட்ரோஃபிட் செலவை ரிப்பேராகக் காட்டுவதா, முதலீடாகக் காட்டுவதா என்பதை பில் போடுவதற்கு முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

கடன், மானியம் என்ன இருக்கு?

எதற்கும் முதலில் உத்யம் பதிவு வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் மெஷின் முதலீடு 2.5 கோடி ரூபாய்க்குள்ளும் ஆண்டு விற்பனை 10 கோடிக்குள்ளும் இருந்தால் அது குறு நிறுவனம். புதுச்சேரி ஜாப் ஒர்க் ஷாப்கள் பலவும் இதற்குள்தான் வரும்.

சி.ஜி.டி.எம்.எஸ்.இ: குறு, சிறு நிறுவனங்களுக்குச் சொத்து அடமானம் இல்லாமல் வங்கி கடன் தர, அரசு அறக்கட்டளை உத்தரவாதம் கொடுக்கும் திட்டம். 2025 ஏப்ரல் முதல் உச்சவரம்பு 10 கோடி ரூபாய். உத்தரவாதக் கட்டணம் தனி. வங்கி மேனேஜர் வீட்டுப் பத்திரம் கேட்டால், இந்தத் திட்டத்தில் தர முடியுமா என்று எழுத்தில் கேட்கலாம்.

எம்.சி.ஜி.எஸ் எம்.எஸ்.எம்.இ: மெஷின் வாங்கும் கடனுக்கென்று 2025 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற திட்டம். 100 கோடி ரூபாய் வரையிலான கடனில் 60%-க்கு உத்தரவாதம்.

எஸ்.சி, எஸ்.டி தொழில்முனைவோருக்கு: தேசிய எஸ்.சி எஸ்.டி ஹப் மூலம் மெஷின் வாங்க 25% மூலதன மானியம், அதிகபட்சம் 25 லட்சம் ரூபாய்.

பழைய ஆட்கள் சொல்லும் '15 லட்சம் வரை 15% மானியம்' திட்டம், பொதுப் பிரிவினருக்கு முன்பு இருந்தது. அதை நம்பி இப்போது பட்ஜெட் போட வேண்டாம்.

மாநில அளவிலான சலுகைகளை தட்டாஞ்சாவடியில் உள்ள தொழில் வணிகத் துறையிலும் மாவட்டத் தொழில் மையத்திலும் கேட்கலாம். பிப்டிக் எனப்படும் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் அலுவலகம் ரோமன் ரோலந்து வீதியில் இருக்கிறது. எந்தத் திட்டமானாலும் இரண்டு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: மெஷின் வாங்குவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டுமா? ரெட்ரோஃபிட்டுக்கும் செகண்ட் ஹேண்ட் மெஷினுக்கும் இது பொருந்துமா? மானியங்கள் பெரும்பாலும் புது மெஷினை மனதில் வைத்தே எழுதப்பட்டவை.

ரெட்ரோஃபிட் செய்பவரிடம் கேட்க வேண்டியவை

சென்னை, கோவை, பெங்களூரிலிருந்து வந்து செய்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தம் போடும் முன் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்.

* இதே மாடல் மெஷினை இதற்கு முன் செய்திருக்கிறாரா? அந்த ஷாப்புக்கு நேரில் போய்ப் பார்க்க முடியுமா?
* டூல் சேஞ்சருக்கான பி.எல்.சி லாஜிக்கை யார் எழுதுவது? ரெட்ரோஃபிட் அதிகம் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான்.
* எத்தனை நாள் மெஷின் நிற்கும்? தாமதமானால் என்ன கழிவு?
* முடிந்ததும் பி.எல்.சி லேடர், பாராமீட்டர், புது வயரிங் டிராயிங் மூன்றும் பேக்கப்போடு கைக்கு வருமா? இல்லையென்றால் நாளைக்கு ஒரு சின்ன ஃபால்ட்டுக்கும் அவரையே எதிர்பார்க்க வேண்டும்.
* வேலைக்கு முன்னும் பின்னும் ஜியாமெட்ரி ரிப்போர்ட் தருவாரா?
* உங்கள் ஷாப்பின் கஷ்டமான ஜாப் ஒன்றை வெட்டிக் காட்டிய பிறகுதான் கடைசித் தவணை என்பதற்கு ஒப்புக்கொள்கிறாரா?
* கதவு இன்டர்லாக், எமர்ஜென்சி ஸ்டாப் இரண்டும் பைபாஸ் இல்லாமல் வேலை செய்யுமா?
* கழற்றிய பழைய போர்டுகளும் டிரைவ்களும் யாருக்கு? அதே மாடல் இன்னொரு மெஷின் ஷாப்பில் இருந்தால் அவை உங்களுக்கு ஸ்பேர். விடாதீர்கள்.

ஆபரேட்டரைக் கேட்டீங்களா?

கொட்டேஷனில் வராத செலவு ஒன்று உண்டு. பத்து, பதினைந்து வருஷம் அதே மெஷினில் நின்ற ஆபரேட்டருக்கு அதன் சத்தமே போதும். "இசட்ல ஏதோ இழுக்குது அண்ணா" என்று அவர் சொன்னால் டயல் கேஜ் போட்டுப் பார்ப்பது நல்லது. மெஷின் எங்கே மோதியது, எந்த டூல் பாக்கெட் சிக்கும், எந்த மூலையில் அளவு மாறும் என்பது அவருக்குத்தான் தெரியும். சோதனை செய்யும் நாளில் அவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

புது கன்ட்ரோல் வந்தால் பட்டன் மாறும், திரை மாறும், ஆஃப்செட் போடும் முறை மாறும். முதல் சில வாரம் உற்பத்தி குறையும், மோதலும் நடக்கலாம். ஆகவே ஒப்பந்தத்திலேயே பயிற்சி நாட்களைச் சேருங்கள். புதுச்சேரியில் சுமார் 122 கோடி ரூபாய் செலவில் அமைந்த மத்திய அரசின் எம்.எஸ்.எம்.இ தொழில்நுட்ப மையம் 2022 ஜனவரி 12-ல் திறக்கப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் 6,400 பேருக்குப் பயிற்சி தரும் திட்டத்தோடு வந்த மையம் அது. எலெக்ட்ரானிக்ஸ் வடிவமைப்பு, உற்பத்தியை முதன்மையாகக் கொண்டது என்றாலும், ஆட்களை அனுப்பப் பொருத்தமான பயிற்சி இருக்கிறதா என்று விசாரித்துப் பார்க்கலாம்.

எப்போது எதைத் தேர்ந்தெடுப்பது?

சின்ன வேலையோடு நிறுத்தலாம்: அளவு சரியாக வருகிறது, அலாரம் எப்போதாவதுதான், ஓடுவது சாதாரண ஜாப், புது ஆர்டர் எதுவும் திரும்பிப் போகவில்லை. பேக்கப் எடுத்து, பேட்டரி மாற்றி, பேனல் ஏ.சி-யைச் சரிசெய்து, தொடர்ந்து ஓட்டலாம்.

கன்ட்ரோல் ரெட்ரோஃபிட்: இரும்பும் ஸ்க்ரூவும் ஸ்பிண்டிலும் சோதனையில் தேறிவிட்டன, ஆனால் ஸ்பேர் கிடைக்கவில்லை அல்லது மெமரியும் வேகமும் ஆர்டரைத் தடுக்கின்றன. பெட் பெரியதாகவும் கனமாகவும் இருக்கும் பழைய மெஷினுக்கு இது இன்னும் பொருந்தும். அதே அளவு இரும்பைப் புதிதாக வாங்க விலை அதிகம்.

முழு ரீகண்டிஷன்: பெரிய சைஸ் மெஷின், வேறு வழியில்லாத ஸ்பெஷல் ஜாப். சாதாரண சைஸ் வி.எம்.சி-க்கு இந்தச் செலவு புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால், புது மெஷின் கொட்டேஷனையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

புது மெஷின்: ஸ்பிண்டில், ஸ்க்ரூ, ஸ்லைடு மூன்றுமே போய்விட்டன, அல்லது கஸ்டமர் கேட்கும் வேகம், துல்லியம், நான்காவது ஆக்ஸிஸ் பழைய மெஷினில் எப்படியும் வராது, இரண்டு ஷிஃப்ட்டுக்கு ஆர்டர் எழுத்தில் இருக்கிறது.

செகண்ட் ஹேண்ட்: மேலே சொன்ன அத்தனை சோதனையும் இதற்கும் உண்டு. ஓடும் நிலையில் பார்க்காமல், நம்ம ஜாப் ஒன்றை வெட்டிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டிய ஒன்று

எந்த முடிவானாலும் பிறகு எடுக்கலாம். மெமரி பேட்டரியை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. பழைய கன்ட்ரோல்கள் பலவற்றில் பாராமீட்டர், புரோகிராம், ஆஃப்செட் எல்லாமே பேட்டரியின் தயவில்தான் இருக்கின்றன. பேட்டரி தீர்ந்த நிலையில் நீண்ட லீவுக்கு மெஷினை ஆஃப் செய்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது எல்லாம் அழிந்திருக்கும். அதன் பிறகு, நல்ல நிலையில் இருந்த மெஷினையும் உடனே ரெட்ரோஃபிட் செய்ய வேண்டிய கட்டாயம் வந்துவிடலாம். அவசரத்தில் எடுக்கும் முடிவுக்கு பேரமும் பேச முடியாது.

பாராமீட்டரைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றி இரண்டு இடத்தில் சேமியுங்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு பக்கமாகத் திரையை போட்டோ எடுத்து வையுங்கள். கதவுக்குள் ஒட்டியிருக்கும் பாராமீட்டர் ஷீட்டையும் விடாதீர்கள். பேட்டரியை மாற்றும்போது கன்ட்ரோல் ஆனில் இருக்க வேண்டும். ஆஃப் செய்துவிட்டு மாற்றினால் அப்போதே அழிந்துவிடும் அபாயம் உண்டு. பேனலுக்குள் கரண்ட் இருக்கும்போது செய்யும் வேலை என்பதால், தெரிந்த எலெக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள். மாற்றிய தேதியை பேனல் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிட்டால், அடுத்து மாற்ற வேண்டிய நாளும் மறக்காது.